கரண்டியைத் தொடாத நாலு நாள்

பவானேஸ்வரிக்குக் கடல் மேல் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக மலாக்கா பக்கம் அலோர் காஜாவிலும் சிம்பாங் அம்பாட்டிலும் சுற்றியிருக்கிற தோட்டங்களிலும் கல்யாணமா, காதுகுத்தா, கோயில் திருவிழாவா, எது நடந்தாலும் அடுப்புக்கு முன்னால் நின்றவள் அவள். யாரோ சமைக்க வேண்டும், யாரோ பரிமாற வேண்டும், தான் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

மகள் ராகினி மலாக்கா டவுனில் ஒரு சுற்றுலா ஆபீசில் வேலை பார்த்தாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம். மலேசிய வெள்ளியின் மதிப்பு சரிந்து, ஊரில் யாரும் எங்கும் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். சொகுசுக் கப்பல் டிக்கெட்டைப் பாதி விலைக்குக் கூவிக் கூவி விற்றார்கள். அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்று ராகினி இரண்டு டிக்கெட் வாங்கிவந்து, வழவழப்பான ஒரு விளம்பரப் புத்தகத்தையும் மேசையில் வைத்தாள்.

"அம்மா, இந்தக் கப்பல்ல ஏழு சாப்பாட்டுக் கடை இருக்கு."

"ஏழா? ஒரே கப்பல்லயா?"

"ஆமாம்மா. சீனக் கடை ஒண்ணு, ஜப்பான் ஒண்ணு, இத்தாலி ஒண்ணு, நம்ம இந்தியன் ஒண்ணு..."

பவானேஸ்வரி அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் படுத்தபடி படித்தாள். பெட்டி கட்டிக் கிளம்பும் நாள்வரை அது அவள் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. முதல் நாள் இரவு இந்தியன், மறுநாள் மதியம் ஜப்பான், இரவு இத்தாலி என்று மனசுக்குள்ளேயே ஒரு வரிசை போட்டு வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவள் கணவர் மருதமுத்துவிடம் ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"என்னாங்க, நான் சமையல்காரின்னு கப்பல்ல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சுதுன்னா ரெசிப்பி கேப்பாங்க, பக்குவம் கேப்பாங்க. நாலு நாள் நான் கரண்டியைத் தொட மாட்டேன், கரண்டி பேச்சும் பேச மாட்டேன்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார் மருதமுத்து. ஐந்து நிமிஷத்துக்கு மேல் எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன் அவர்.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் இருவரும் அண்ணாந்து மாடிகளை எண்ணினார்கள். ஒன்பது மாடி. உள்ளே ஏறினால் மெத்தென்று கம்பளம், கண்ணாடி லிஃப்ட், பியானோ வாசிக்க ஒரு ஆள். அறையில் பெட்டியை வைத்த கையோடு பவானேஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு ஆறாவது தளத்துக்குப் போனாள். இந்தியன் கடையின் கண்ணாடிக் கதவில் சங்கிலி தொங்கியது. "மறு அறிவிப்பு வரும்வரை மூடப்பட்டுள்ளது" என்று ஒரு அட்டை.

"சரி, இத்தாலிக்குப் போவோம்," என்றாள்.

இத்தாலியிலும் அதே அட்டை. ஜப்பான் கடையில் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேல் தளத்துக் கடையில் ஒரு ஆள் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தான். சாப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் கீழே கை காட்டினான். கடைசியில் கணக்குப் பார்த்தால் ஏழில் ஐந்து மூடிக் கிடந்தன. ஆறாவது திறந்திருந்தது, ஆனால் அங்கே தனியாகக் காசு கட்ட வேண்டும். மிச்சம் இருந்தது பெரிய கூடம் ஒன்று. அதுவும் இரண்டு தவணை. ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று. இவர்கள் சீட்டில் எட்டு மணி என்று போட்டிருந்தது.

"ரெண்டாவது பந்தி," என்றாள் பவானேஸ்வரி. இரண்டாவது பந்திக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எட்டு மணிக்குக் கூடத்தில் நாற்பது வகை இருந்தன. நாற்பதுக்கும் அழகாகப் பெயர் அட்டை வைத்திருந்தார்கள். சுவரோரமாக ஒரே நீண்ட மேசை, ஒரே வரிசை, இருநூறு பேர். அரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போய்ச் சேர்ந்தால், ஒவ்வொரு பாத்திரத்திலும் இரண்டு கரண்டி அளவுக்கு ஏதோ ஒன்று ஆறிப்போய்க் கிடந்தது. பொரித்த மீன் முதல் பந்தியிலிருந்து காத்திருந்து களைத்துப் போயிருந்தது. கோழிக்கறியின் மேல் எண்ணெய் ஏடு கட்டியிருந்தது.

கூடத்துக்குப் பொறுப்பான பெண் ஒரு தமிழச்சி. புனிதா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், முப்பத்தைந்து வயது இருக்கும். பவானேஸ்வரி அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பத்து நிமிஷம் குறை சொன்னாள். மீனைச் சொன்னாள், கறியைச் சொன்னாள், சூப் கழுநீர் மாதிரி இருப்பதைச் சொன்னாள். வாழ்நாளெல்லாம் கல்யாண வீடுகளில் இதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டியவளுக்கு, சொல்கிற பக்கத்தில் நிற்பது ரொம்ப சுகமாக இருந்தது. புனிதா, "சாரிக்கா, சாரிக்கா" என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அறைக்குத் திரும்பியதும் பவானேஸ்வரி பெட்டியைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த முறுக்கைத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை பசியாறப் போனபோது கூடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. நடுவில் பாலகிருஷ்ணன் என்று ஒருவர் நின்றிருந்தார். ஈப்போக்காரர், தபால் ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் அதே விளம்பரப் புத்தகம். அதை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார்.

"பக்கம் நாலு! 'ஏழு கடைகள், ஏழு உலகங்கள்!' எங்கம்மா அஞ்சு உலகம்? ஒரு உலகத்துக்குத் தனிக் காசு! ஒரு உலகத்தில அவிச்ச முட்டை கூட ஐஸ் மாதிரி இருக்கு!"

பத்து பகாட் ஊரைச் சேர்ந்த சீனரான ஓங் அம்மா, ஒரு ரொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டி, இதைத் தட்டினால் கதவு தட்டுகிற சத்தம் வருகிறது என்று மலாயில் சொன்னார். ஆஸ்திரேலியக் கிழவர் ஒருவர் வாழைப்பழமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோல் ஆறு கிடந்தது. ஏழு கடையையும் திறக்கக் கேட்டுக் கேப்டனுக்கு ஒரு மகஜர் எழுதி, அதில் ஏற்கெனவே நூற்றி எழுபது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் புனிதா நின்றிருந்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு பவானேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். அழைக்காத ஐம்பது பேர் வந்து உட்கார்ந்து, உள்ளே பாயசம் தீர்ந்து போயிருக்கும்போது முகத்தில் ஒட்டிக்கொள்கிற சிரிப்பு அது. எத்தனை தடவை அதை அவளே சிரித்திருக்கிறாள். நேற்று ராத்திரி தான் பேசிய பத்து நிமிஷமும் நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து மருதமுத்து எழுந்தார். "சார், ஒரு நிமிஷம்! என் வீட்டுக்காரி ஐநூறு பேருக்கு ஒத்தை ஆளா சமைப்பா. அலோர் காஜால போய்க் கேட்டுப் பாருங்க!"

கூடம் முழுவதும் திரும்பியது.

"அப்படியா? அப்ப அவங்களையே சமைக்கச் சொல்லலாமே!" என்றார் பாலகிருஷ்ணன். நாலு பேர் கை தட்டினார்கள். ஓங் அம்மா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பவானேஸ்வரி கணவரைப் பார்த்த பார்வையில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சமைக்க மாட்டேன்," என்றாள் அவள். "லீவுல வந்திருக்கேன். நீங்க தபால் ஆபீஸ்ல இருந்தவருதானே சார், இந்தக் கப்பல்ல தபால் கட்டு வந்தா பிரிச்சுப் போடுவீங்களா?"

பவானேஸ்வரி புனிதாவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"தங்கச்சி, நேத்து நான் கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன். உள்ள என்னா நடக்குது, உண்மையைச் சொல்லு."

புனிதா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். இருபத்தாறு சமையல்காரர்கள் இருந்த இடத்தில் இப்போது பதினோரு பேர். மிச்சப் பேரைப் போன மாசம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கடையை மூடுனது சரிக்கா. ஆனா விளம்பரத்துல நாற்பது வகைன்னு போட்டாச்சாம். அதனால நாற்பதும் மேசையில இருந்தே ஆகணும்னு ஆபீஸ் ஆர்டர்."

"பதினோரு பேரு நாற்பது வகையா?" பவானேஸ்வரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப மத்தியானமே பொரிக்க ஆரம்பிக்கணும். ராத்திரிக்கு எப்படிச் சூடா இருக்கும்? தலைமைச் சமையல்காரர் யாரு? பார்க்கணும்."

பயணிகளைச் சமையல்கட்டுக்குள் விட மாட்டார்கள். அதனால் அவர் வெளியே வந்தார். ஹெர்மன் என்று பேர், இந்தோனேசியாவில் மேடான்காரர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இன்னொரு குறை கேட்கத் தயாராக வந்து நின்றவரிடம், அரிசி எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று பவானேஸ்வரி மலாயில் கேட்டாள். அவர் முகம் மாறியது. இருவரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஆள் குறைந்தால் வகையைக் குறைக்க வேண்டும், எட்டு போதும், எட்டும் சூடாக வர வேண்டும் என்றாள் அவள். அதைத்தான் நானும் மூன்று வாரமாகச் சொல்கிறேன், என் பேச்சை யார் கேட்கிறார்கள் என்றார் அவர்.

"மேசையை ஏன் சுவரோட ஒட்டிப் போட்டிருக்கீங்க? நடுவுல இழுத்துப் போட்டா ரெண்டு பக்கமும் ஆள் நிக்கலாம். தண்ணி, காப்பியைத் தூரத்துல வைங்க. ஒரு ஆளைக் கூடத்துலயே நிறுத்தி, கண்ணு முன்னால மீ கோரெங் பிரட்டச் சொல்லுங்க. நூடுல்ஸ் பிரட்டுற வாசம் வந்தாலே பாதிக் கோவம் போயிடும்."

"மேனேஜர் ஒத்துக்கணுமே," என்றாள் புனிதா.

"ஒத்துக்குவாரு. நூத்தி எழுபது கையெழுத்து இருக்குல்ல?"

ஆனால் கையெழுத்துக்காரர்களை மசிய வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பாலகிருஷ்ணன் மகஜரை மார்போடு அணைத்துக்கொண்டார். "நாம கேட்டது ஏழு கடைம்மா. இப்ப இருக்கிற நாற்பதையும் எட்டாக் குறைக்கச் சொன்னா, அது தோத்த மாதிரி ஆகாதா?"

"சார், நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

அவர் யோசித்தார். "பிஸ்கட்டு."

"நாற்பது வகையில?"

பாலகிருஷ்ணன் மகஜரைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் நிதானமான தபால் ஆபீஸ் எழுத்தில் எழுதினார்: இன்று இரவு மட்டும், எட்டு வகை, சூடாக. முதல் கையெழுத்தை அவரே போட்டார். மேனேஜர், டை கட்டிய இளவயசு மனுஷன், அதை இரண்டு தடவை படித்தார். பயணிகளே குறைவாகக் கேட்டு எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரு இரவு மட்டும் என்று தலையாட்டினார்.

அன்று எட்டு மணிக்குக் கூடத்துக் கதவு திறந்தபோதே வாசம் வெளியே ஓடி வந்தது. நடுவில் மேசை, இரண்டு பக்கமும் ஆள். வெள்ளைச் சோறு, ஆவி பறக்கும் கோழிக்கறி, இஞ்சி போட்டு அவித்த மீன், பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, நல்ல சூப், பழம் என்று எட்டு. தவிர, மூலையில் தொப்பி வைத்த ஒரு ஆள் பெரிய வாணலியில் மீ கோரெங் பிரட்டிக்கொண்டிருந்தான். "இது ஒன்பதாவது, கடிதத்தில் இல்லை, நீங்கள் சொன்னதற்காகச் சேர்த்தது," என்று ஹெர்மன் பவானேஸ்வரியிடம் மெதுவாகச் சொன்னார். பத்து நிமிஷத்தில் வரிசை கரைந்துவிட்டது.

எல்லாரும் மகிழ்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஜப்பான் கடைக்காகவே டிக்கெட் வாங்கியதாக ஒரு தம்பதி கடைசிவரை முகத்தைத் தூக்கியே வைத்திருந்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆஸ்திரேலியக் கிழவர் கறியைச் சோற்றில் பிசைந்து, கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். ஓங் அம்மா வாணலிக்காரனிடம் நாலு தடவை போனார். நாலாவது தடவை அவரே அகப்பையை வாங்கிக் கிளறிக் காட்டினார்.

பவானேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புனிதா தட்டோடு வந்து, "அக்கா, நீங்க எழுந்திரிக்கக் கூடாது," என்று பரிமாறினாள். சோற்றில் கறியை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தபோது பவானேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அதில் போட்ட வெங்காயத்தை அவள் நறுக்கவில்லை. அந்தத் தட்டை அவள் கழுவப் போவதும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று மருதமுத்து பயந்துகொண்டே கேட்டார்.

"பேசாம சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

அவள் மூன்று தடவை சோறு வாங்கினாள்.

மறுநாள் மேனேஜர், எட்டு வகையே தொடரட்டும் என்று சொல்லிவிட்டார். மூடிய கடைகள் மூடியே இருந்தன. பாலகிருஷ்ணன் கம்பெனிக்கு ஐந்து பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி முடித்து, அதை மேசை மேசையாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். பவானேஸ்வரி மிச்ச இரண்டு நாளும் ஒன்பதரை மணிவரை தூங்கினாள். மருதமுத்து காப்பியைக் கேபினுக்கே எடுத்து வந்து கொடுத்தார்.

கிள்ளானில் இறங்கும்போது ராகினி கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். "அம்மா, சாரிம்மா. கடையெல்லாம் மூடியாச்சாமே, எனக்கு நேத்துதான் தெரியும். ஆபீசுக்குப் போன் மேல போன் வருது. கப்பல்ல எல்லாரும் சண்டை போட்டாங்களாம்லா?"

"போட்டாங்க. நானும் போட்டேன்," என்றாள் பவானேஸ்வரி, பெட்டியை அவள் கையில் கொடுத்தபடி. "நல்லா இருந்துச்சு. அடுத்த வருஷத்துக்கு இப்பவே சொல்லி வை, முதல் பந்தியா பார்த்துப் போடு."