வெள்ளைக்கரை நிறுத்தம்

சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் டிம்ப்னா முன்னால் வலப்பக்கம். மாதா கோவில் படியில் இறங்கும்போது தோளில் கனம் கூடியது. அவள் கண் என்னவோ எதிரே தெரிந்த கடலில்தான் இருந்தது. துறைச் சுவரின் அடியில் பாசி படிந்த கல் இன்னும் வெளியே தெரிகிறது. தண்ணீர் இன்னும் ஏற ஆரம்பிக்கவில்லை. ஆனால் அதிக நேரம் இல்லை.

“சாமியாருக்கு இன்னைக்குப் பாத்துதானா இவ்வளவு பிரசங்கம் வரணும்?” என்று பக்கத்தில் மலக்கி முணுமுணுத்தார். சவ வண்டி அவருடையது. அந்தக் கரையில் யார் செத்தாலும் கடைசிப் பயணம் மலக்கியோடுதான்.

டிம்ப்னாவின் அப்பா ஃபெஸ்டி கானிலியைக் கேரிக் தீவில் அடக்கம் செய்ய வேண்டும். அவருடைய அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் அங்கேதான் கிடக்கிறார்கள். தீவுக்குப் பாலம் கிடையாது. கடல் வற்றிக் கிடக்கும்போது மணலிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். தண்ணீர் ஏறிவிட்டால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் டிம்ப்னா பூசை நேரத்தையே சாமியாரிடம் சண்டை போட்டு முன்னால் வைத்திருந்தாள்.

பெட்டியை வண்டிக்குள் ஏற்றிவிட்டு மலக்கி கையைத் துடைத்துக்கொண்டார்.

“எத்தனை எடத்துல நிறுத்தணும், சொல்லு பாப்பா.”

செத்தவருக்கு வேண்டிய இடத்திலெல்லாம் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி எடுத்துப்போவது அங்கே வழக்கம். ஆடு வளர்த்தவர் என்றால் அவர் மேய்ச்சல் நிலத்து வாசலில் நிற்கும். பந்து விளையாடியவருக்கு மைதானம். குடித்தவருக்கு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஃபெஸ்டி முப்பது வருஷம் அந்தக் கடலோரச் சாலையில் சுற்றுலா வேன் ஓட்டியவர். கரைக்குக் கரை அவருக்கு வேண்டிய இடம்தான்.

“ஒண்ணு போதும் மாமா. தண்ணி ஏறிடும்.”

“எல்லா எடத்துலயும் நிக்கணும்” என்றாள் டீலியா. ஃபெஸ்டியின் மனைவி, டிம்ப்னாவின் அம்மா. காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. “அந்த மனுசன் ஒரு எடத்தயாவது விட்டுட்டுப் போயிருக்காரா?”

“அதனாலதாம்மா ஒரு நாளாவது நேரத்துக்கு வீடு வந்து சேந்ததில்ல.”

“இன்னைக்கு வீட்டுக்கா வரப்போறாரு?”

மலக்கி தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறிவிட்டார். சாமியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். டிம்ப்னா அப்பாவின் வேனை எடுத்தாள். முன்சீட்டில் அம்மா, பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்க் கார்கள் வரிசையாக வந்தன.

வேனின் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. இன்னொரு பக்கம் உப்பும் புழுதியுமாக அப்பிக் கிடந்தது. புதன்கிழமை ஃபெஸ்டி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பாதியில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. “மிச்சத்தையும் கழுவிட்டு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல” என்று கோவிலில் ஒருத்தி கேட்டாள். டிம்ப்னா ஆமாம் என்றாள். அந்த வாளியை மட்டும் இன்னும் யாரும் நகர்த்தவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. துக்க வீட்டில் மூன்று நாளாகத் தேநீர் ஊற்றினாள், ரொட்டி வெட்டினாள், கை கொடுத்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அவளும் ஒரே நன்றியைத்தான் திருப்பிச் சொன்னாள். மனசுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை நின்று பார்த்தாள். பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது, போய்க் கழுவினாள்.

முதல் நிறுத்தம் குதிரைக்கரை. மலக்கி வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். இந்தக் கரைக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஃபெஸ்டி தினம் ஒரு கதை அளப்பார். ஒரு நாள் ஸ்பெயின்காரன் கப்பல் உடைந்து குதிரை நீந்தி வந்தது என்பார், மறுநாள் அது கடல்கன்னியின் குதிரை என்பார். ஐஸ்கிரீம் வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃபெஸ்டியிடம் காசே வாங்கமாட்டான், வேன் நிறைய ஆள் கொண்டுவந்து இறக்குகிறவராயிற்றே.

“போதும். கிளம்பட்டும்” என்றாள் டிம்ப்னா.

“ஒரு நிமிஷம்கூட ஆகலடி.”

“ஆயிடுச்சும்மா.”

சிப்பிக்கரை இரண்டாவது. அங்கே கரையோரம் தங்கியிருந்த ஒரு பெரிய கேரவன் வண்டி, கார் வரிசை நகர்ந்ததும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது. டிம்ப்னா அதைக் கண்ணாடியில் பார்த்தாள். வெளியூர் நம்பர். வரிசையின் தலையில் போவது என்ன வண்டி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மூன்றாவது துறவிமுனை. அங்கே டீலியா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். காற்று அவள் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தது. பாறை விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தாள். கீழே விரிகுடாவில் நுரைக்கோடு மணலில் ஏறிக்கொண்டிருந்தது. டிம்ப்னா இறங்கிப் போய் அம்மாவின் முழங்கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிவந்தாள்.

“நீயும் அவரு மாதிரியே ஆரம்பிச்சிட்டியாம்மா?”

“அவரு இருந்திருந்தா என்னைய அவசரப்படுத்தமாட்டாரு.”

அது உண்மைதான். ஃபெஸ்டி கானிலி நேரம் என்று ஊரில் தனிக் கணக்கே உண்டு. வண்டியை நிறுத்திப் பக்கக் கதவைத் திறந்து, பாட்டிமார் இறங்க ஒரு மரப்படியை எடுத்துப் போட்டு, “பதினஞ்சு நிமிஷம்!” என்பார். சொன்ன வாய் மூடுமுன் முதல் ஆளாய் அவரே காலுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருப்பார். பள்ளி விடுமுறையில் டிம்ப்னா கூடப் போவாள். அவள் வேலை ஹார்ன் அடிப்பது. டிரைவர் சீட்டில் ஏறி, மூன்று தடவை அழுத்த வேண்டும். எல்லாரும் வந்துவிடுவார்கள், அவர் மட்டும் வரமாட்டார். திரும்பியே பார்க்காமல் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அதே நடைதான். வெள்ளைக்கரையில் மட்டும் அந்த மூன்றையும் இரண்டு தரம் அடிக்க வேண்டும்.

வெள்ளைக்கரைதான் கடைசி நிறுத்தம். அங்கே நின்றால் எதிரே கேரிக் தீவும் அதன் கல்லறைச் சிலுவைகளும் தெரியும். நல்லதைக் கடைசியில் காட்டினால் யாரும் நேரமாச்சு என்று திட்டமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

வளைவு திரும்பியதும் முன்னால் போன சவ வண்டியின் இடப்பக்க விளக்கு மினுங்க ஆரம்பித்தது. மலக்கி திரும்பப் போகிறார். கேட்கவே இல்லை அவர். கேட்க என்ன இருக்கிறது, ஃபெஸ்டியை வெள்ளைக்கரையில் நிறுத்தாமல் யார் கொண்டுபோவார்கள்?

டிம்ப்னா கடல் பக்கம் பார்த்தாள். தீவுக்குப் போகும் மணல்வழியில் அடையாளக் கம்பங்களின் காலடி ஈரமாக மின்னியது. இங்கே நின்றால் அவரைத் திரும்பக் கொண்டுபோய்க் கோவிலில் வைக்க வேண்டியதுதான். வெட்டிய குழி அங்கே திறந்து கிடக்கும்.

அவள் உள்ளங்கையை ஸ்டியரிங்கின் நடுவில் வைத்து அழுத்தினாள். மூன்று தடவை.

சவ வண்டியைப் பார்த்து ஹார்ன் அடித்தவளை அந்தக் கரை இதுவரை கண்டதில்லை. பின்சீட்டில் யாரோ “ஐயோ மாதாவே” என்றார்கள். முன்னால் மினுங்கிய விளக்கு ஒரு கணம் தயங்கியது, பிறகு அணைந்தது. மலக்கி வேகத்தைக் கூட்டினார்.

“அடிச்சிட்டியாடி” என்றாள் டீலியா.

வெள்ளைக்கரை முடியும்வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மணலில் இறங்கும்போது தண்ணீர் வந்துவிட்டிருந்தது. டயரின் அடி நனையும் அளவுக்கு ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். மலக்கி உப்புத் தண்ணீரைச் சபித்திருப்பார், சாமியார் பக்கத்தில் இருந்ததால் மனசுக்குள். முதல் பத்துப் பதினைந்து கார்கள் தாண்டின. மற்றவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். கேரவன் வண்டி என்ன நினைத்ததோ, அதுவும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

தீவில் மண் என்று பேர், எல்லாம் மணலும் சிப்பியும்தான். பெட்டியை இறக்கினார்கள். சாமியார் ஜெபித்தார், ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டி ஜெபம் சொன்னார்கள். ஆண்கள் மாறி மாறி மண்வெட்டி பிடித்தார்கள். டிம்ப்னா ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு கடலைத் திரும்பிப் பார்த்தாள். வழி மூடிவிட்டது. அடையாளக் கம்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. சரியான நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அதில் ஒரு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

தண்ணீர் இறங்கும்வரை எல்லாரும் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஹோட்டலில் சொல்லிவைத்த சூப்பும் வறுத்த இறைச்சியும் அக்கரையில். இங்கே புல், ஆட்டுப் புழுக்கை, காற்று. கல்லறைச் சுவரின் மறைவில் ஆளாளுக்கு உட்கார்ந்தார்கள். கேரவனிலிருந்து ஒரு ஜெர்மன்காரியும் அவள் புருஷனும் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

“ரொம்ப மன்னிக்கணும்” என்றாள் அவள், முகமெல்லாம் சிவந்துபோய். “ஒவ்வொரு கரையிலயும் நின்னு நின்னு போனீங்களா, ஏதோ சுற்றுலாக் கூட்டம்னு பின்னாலயே வந்துட்டோம்.”

“பரவால்ல” என்றாள் டிம்ப்னா. “சுற்றுலாக் கூட்டம்தான்.”

டீலியாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லாரும் திரும்பினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா மலக்கி, போறப்பகூட ரெண்டு டூரிஸ்ட்டக் கூட்டிக்கிட்டுத்தான் போயிருக்காரு.”

கேரவன் அடுப்பில் ஜெர்மன்காரி தேநீர் போட்டுக் கொடுத்தாள். இருந்த நாலு பாக்கெட் பிஸ்கட்டையும் பிரித்தாள்.

தண்ணீர் மறுபடி இறங்கியபோதும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஜூன் மாதம். தாயும் மகளும் தனியாக வரட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு கார்களில் ஏறிக்கொண்டார்கள். டிம்ப்னா ஈர மணலைத் தாண்டிச் சாலை ஏறினாள்.

வெள்ளைக்கரைத் திருப்பத்தில் வேனின் விளக்கு மினுங்கியது. தான்தான் போட்டோம் என்று டிம்ப்னாவுக்கே பிறகுதான் உறைத்தது. கரையை ஒட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். இறங்கிச் சுற்றிவந்து பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து மரப்படியை இழுத்துக் கீழே போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தாள்.

“பதினஞ்சு நிமிஷம்” என்றாள் காலி சீட்டுகளைப் பார்த்து.

திரும்பி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கரையில் ஒரு ஆள் இல்லை. மணல் நீளத்துக்கும் வெறுமையாகக் கிடந்தது. எதிரே தீவும், சிலுவைகளுக்கு நடுவில் புது மணல் மேடும் சின்னதாகத் தெரிந்தன. பின்னால் கேரவனும் வந்து நின்று எஞ்சினை அணைத்தது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.

வெகுநேரம் இருந்தார்கள்.

“நேரமாச்சுடி” என்றாள் டீலியா கடைசியில். “ஹோட்டல்ல நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. ஹார்ன அடி, போலாம்.”

டிம்ப்னா கையை எடுத்து ஸ்டியரிங்கின் நடுவில் வைத்தாள். உள்ளங்கை அங்கேயே இருந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா.”

டீலியா சீட் பெல்ட்டைக் கழற்றினாள். பக்கக் கதவு திறந்தே கிடந்தது. காற்றில் மணல் உள்ளே வந்துகொண்டிருந்தது.