எல்.கே.ஜி. புறாக்கூடு

வகுப்பறைத் தரையெல்லாம் மரச்சுருள். வெள்ளத்தாய் கூட்டக் கூட்ட, பிச்சை முகம்மது இழைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். ராஜபாளையத்தின் அந்த நர்சரிப் பள்ளியில் அவள் ஆயா. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மரவேலைக்கு வந்தவர். பிள்ளைகளின் கூடைகள் மூலையில் குவிந்து கிடக்கும். மத்தியானம் ஒருத்தன் சோற்றை இன்னொருத்தன் தின்றுவிட்டு ஏப்பம் விடுவான். அதைத் தீர்க்கத்தான் இந்த வேலை.

"என்ன பாய் இது, புறாக்கூடு கணக்கா இருக்கு?"

"புறாக்கூடுதான். பிள்ளைக்கு ஒன்னு. அவன் சாமான அவனே வச்சு எடுத்துக்கிடுவான்."

"அப்ப எம் பொழப்புக்கு உலை வச்சிட்டீங்க."

"பயப்படாத தாயி. மூக்குச் சிந்தி விடுற கூடு இன்னும் யாரும் செய்யல."

பெரிய டீச்சர் பரிபூரணம் ஆள் உயரத்துக்குக் கேட்டார். பெற்றோர் பார்த்தால் எடுப்பாக இருக்குமாம். பாய் ஒப்பவில்லை. "எட்டாத கூட்டுல எந்தப் பிள்ள டீச்சர் வைக்கும்?" என்று, அங்கே நின்ற மாரீஸ்வரியைச் சுவரோரம் நிறுத்தினார். அவள் வெள்ளத்தாயின் மகள். ஆயா பிள்ளை என்று பள்ளிச் சம்பளம் வாங்காமல் அதே எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தார்கள். கையைத் தூக்கச் சொல்லி, விரல் எட்டிய இடத்தில் பாய் பென்சிலால் கோடு போட்டார். அவளுடைய ஒயர்கூடையை வாங்கி அகலமும் ஆழமும் அளந்தார். அம்புட்டுப் பிள்ளைகள் இருக்க, தன் பிள்ளையை வைத்து அளந்ததில் வெள்ளத்தாய்க்கு வாயெல்லாம் பல்.

எழுத்துத் தெரியாத பிள்ளைகள் தங்கள் கூட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆளுக்கொரு படம் ஒட்டலாம் என்றார் டீச்சர். வெள்ளத்தாயின் தங்கச்சி தீப்பெட்டி ஆபீசில் குச்சிக் கட்டை அடுக்குகிறவள். அவளிடம் கேட்டு வெள்ளத்தாய் மயில், யானை, சேவல், தாமரை என்று லேபிள்களை வாங்கி வந்து கொடுத்தாள். எம் பிள்ளைக்கு எது வரும், மயிலாக இருக்குமோ என்ற யோசனை அவளை விடவில்லை. சோறு வடிக்கும்போதும் அதே நினைப்புத்தான்.

திங்கட்கிழமை டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கூட்டைக் காட்டினார். மயில் பஞ்சுக்கடைக்காரர் பேரனுக்குப் போயிற்று. யானையும் போயிற்று. கடைசிப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவளைப் போல வெள்ளத்தாய் வாசலில் காத்திருந்தாள். எல்லாப் பெயரும் முடிந்தது. மாரீஸ்வரி இன்னும் கூடையோடு நின்றாள்.

"டீச்சர், எம் பிள்ளைக்கு எந்தக் கூடு?"

"எல்லாருக்கும் சரியாப் போச்சு ஆயா. கடைசி ஒன்னு பினாயிலு, வெளக்கமாறு வைக்க வேணும்ல? அவ கூடைய நீயே வச்சுக்கோ. ஒம் பிள்ளதான?"

டீச்சர் சிரித்த முகமாகத்தான் சொன்னார். 'அவளை நிறுத்தித்தானே அளவெடுத்தீக' என்ற சொல் வெள்ளத்தாயின் தொண்டை வரை வந்தது. பிள்ளையின் சம்பளமில்லாத படிப்பும் அந்தத் தொண்டையில்தான் இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மாரீஸ்வரி அதற்குள் தன் படத்தைத் தேடத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு லேபிளாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். மேல்வரிசைக் கடைசியில் விரல் நின்றது. தீப்பெட்டியில் எவன் விளக்கமாற்றுப் படம் போடுவான்? அதை டீச்சர் பேனாவால் வரைந்து ஒட்டியிருந்தார்.

"யம்மா, இந்தா இருக்கு நம்ம படம்."

கையைத் தூக்கிக் கூடையை உள்ளே தள்ளினாள். அளந்து செய்ததுபோல் சரியாக உட்கார்ந்தது.