முந்திக்கொண்ட ஹோப்

எங்கள் பக்கம் பெரியவர்கள் எது சொன்னாலும் நெஞ்சில் கை வைத்து "ஹோப்" என்போம். சரிங்க என்று அர்த்தம். அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே சொன்னால் கூடுதல் மரியாதை. இந்த வித்தையில் என்னை மிஞ்ச எங்கள் ஃபெர்கானா பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. பருத்திக்காட்டு மேஸ்திரி வேலை என்னைத் தேடி வந்ததே அதனால்தான்.

அன்று உச்சி வெயிலில் மாவட்ட ஹாக்கிம் காரில் வந்து இறங்கினார். அதிகாரி, போலீஸ், நீதிபதி எல்லாமே எங்களுக்கு அவர் ஒருவர்தான். பருத்திக்கு ஒதுக்கிய நிலத்தில் என் அக்கா புருஷன் நுர்மத் நாலு வரிசை முலாம்பழம் போட்டிருந்தார். ஹாக்கிம் ஒரு பழத்தை பூட்ஸ் காலால் நசுக்கினார்.

"எவன்டா இதைப் போட்டது?"

"நான்தாங்க. பிள்ளைங்க திங்கட்டுமேன்னு..." என்றார் நுர்மத்.

"ஏன், தொரை வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பருத்திக்கொட்டை எறங்காதோ? டேய் எர்காஷ்!"

"ஹோப், அய்யா!" என்றேன்.

"அந்த மம்பட்டிக் காம்பை எடுத்து இவனை அடி."

ஹோப் வாயை விட்டுப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கும் தைரியம் எனக்கு இல்லை. தோளில் மெதுவாக ஒன்று போட்டேன்.

"கொசு ஓட்டுறியா? நீயும் வந்து பக்கத்துல நில்லு, வேற ஆளை விட்டு அடிக்கச் சொல்றேன்."

இரண்டாவது அடியில் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மச்சான் மண்டியிட்டு விழுந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. முகத்தில் அடித்தேன். கண் பிதுங்கி ரத்தம் கொட்டியது. வாயில் அடித்தேன், பல் தெறித்தது. அடிக்க அடிக்கக் கை லேசாகிக்கொண்டே போனது, வெட்கங்கெட்ட கை. பக்கத்தில் பம்புசெட் இரைந்துகொண்டிருந்தது. பருத்தி பொறுக்க வந்த நாற்பது பேரும் மடியில் பருத்தியோடு சிலையாக நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் ஹாக்கிம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பிலேயே ஓங்கிக்கொண்டிருந்தேன்.

மச்சான் என் காலைப் பிடித்தார்.

"போதும்டா எர்காஷ்... யாருக்குக் காட்டுறதுக்குடா அடிக்கிற?"

திரும்பிப் பார்த்தேன். காரைக் காணோம்.

"அந்தாளு ரெண்டாவது அடியிலயே கெளம்பிட்டான்டா" என்றார்.

கண்ணில் விழுந்தது மூன்றாவது அடி.