ஏழாம் நம்பர் சாமி

ராணியம்மாளுக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, சாமானியமானதில்லை. வராதா பின்னே? அவள் வீடு மத்திய அரசின் குத்தகை நிலத்தில் இருக்கிறதாம், பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம். மலைமேல் வயர்லெஸ் ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் அவள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

தாலுகா ஆபீசில் கேட்டாள். "நெலம் எங்க கவர்மெண்டுதாம்மா. ஆனா டெல்லிக்குக் குத்தகைக்கு வுட்டாச்சு, அவங்கள கேளு" என்றார்கள். ஸ்டேஷன் அதிகாரி ஆகாஷோ, "நாங்களே குத்தகைக்கு இருக்கோம்மா. பட்டாவுக்கு நெலத்துக்காரங்கள கேளுங்க" என்றார்.

"நல்லாருக்கே நாயம்! குடியிருக்கறவன் என்னைக் காலி பண்ணுங்கறான், வூட்டுக்காரன் அவன கேளுங்கறான். நான் இன்னா பந்தா, ரெண்டு பேரும் ஒதைச்சிக்கினு கெடக்க?" என்று அவள் போட்ட சத்தத்தில், அளந்தே பார்த்துவிடலாம் என்று இரண்டு அரசாங்கமும் இறங்கி வந்தன.

சர்வேயர் நாராயணசாமி ஜீப்பில் வந்தார். ஒப்பந்தத்தில் இருந்தது ஒரே வரி: ஏழாம் நம்பர் எல்லைக்கல்லிலிருந்து கிழக்கே இருநூறு மீட்டர் டெல்லிக்கு. கல் மேற்குக் கோடியில், ஊர்க்காரன் மாதன் வீட்டு வாசலில் இருந்தது. மஞ்சள் பூசி, துண்டு கட்டி, வெள்ளிக் கண் வைத்து, ஜம்மென்று சாமியாக உட்கார்ந்திருந்தது. குங்குமத்தைத் துடைத்தால் ஏழு என்று செதுக்கியிருந்தது.

அளவுச் சங்கிலி போட்டார்கள். ராணியம்மாள் வீடும் உள்ளே, அதைத் தாண்டி ஸ்டேஷனும் உள்ளே. கட்டின வீடு போனால் எங்கே போய் நிற்பாள்?

"அய்யோ சாமி, போன வருசம் சிவரஞ்சனி வூட்டாண்டதானே இருந்த? அங்கியே இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா!" என்று கல்லைப் பார்த்து அலறினாள்.

நாராயணசாமி நிமிர்ந்தார். "இன்னாது? போன வருசம் எங்க இருந்துச்சு?"

"அந்தாண்ட, ஸ்டேஷன் டவருக்குக் கெழக்கால" என்றான் மாதன். "ஆடிக்கு ஆடி ஒரு வூடு முறைங்க. பதினோரு வூட்டையும் சுத்திக்கினு வரும். எங்கப்பாரு காலத்துலேர்ந்து வழக்கம்."

"மொதல்ல எங்க நட்டிருந்தாங்க?"

"அது யாருக்குங்க தெரியும்? சாமிய போயி எங்க பொறந்தேன்னு கேப்பாங்களா?"

நாராயணசாமி சிவரஞ்சனி வாசலிலிருந்து கணக்குப் போட்டார். இப்போது டவரே குத்தகைக்கு வெளியே நின்றது. மத்திய அரசு மாநில அரசின் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு! ஆகாஷுக்குக் குப்பென்று வியர்த்தது. அவர் ராணியம்மாளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா... இந்தச் சாமி எங்க ஸ்டேஷன் கேட்டாண்ட இருந்தா?"

அவள் கண்ணாலேயே அளந்தாள். ஸ்டேஷன் உள்ளே. மேற்கே இருக்கும் அவள் வீடு வெளியே. முகம் மலர்ந்துவிட்டது.

"தாராளமா முறை எடுத்துக்குங்க சார். பொங்க வெக்கணும், கெடா வெட்டணும்."

"கெடாவுக்கு டெல்லிக்கு எழுதிப் பர்மிஷன் வாங்கணுமே!"

"அது வர்றதுக்குள்ள கெடாவே குட்டி போட்டுடும். எழுதாம வெட்டுங்க. ஆனா ஒண்ணு, முறை எடுத்துட்டா நீங்க எங்க பங்காளி. பங்காளி வூட்டுக் கதவுல எவனாச்சும் நோட்டீஸ் ஒட்டுவானா?"

ஆகாஷ் நேராக அவள் வீட்டுக்குப் போய், கதவில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.