வெளியே விடலாமா

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மாணிக்கவாசகம் வந்து உட்கார்ந்துவிட்டார். பஞ்சவர்ணத்தின் கடையில் முன்பக்கம் டெலிபோன் பூத், பின்பக்கம் இன்டர்நெட். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் கம்ப்யூட்டரின் நெற்றியில் காய்ந்திருந்தது.

சென்னையில் ஓர் அச்சகத்தில் டைப் அடிக்கும் மகள் ஸ்ரீதேவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. டெலிபோன் அவளுக்கு வெறும் பொம்மை. ஞாயிறு மூன்றிலிருந்து மூன்றரை வரை அச்சகத்துக் கம்ப்யூட்டரை முதலாளி அவளுக்கு விட்டுக்கொடுப்பார். அவள் அங்கே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவாள். இங்கே திரையின் மேல்பாதியில் ஒவ்வோர் எழுத்தாக விழும். தப்பாக அடித்து அழித்தால் அழிவதும் தெரியும். இருபத்திரண்டு வருடம் அவள் கைகளைப் பார்த்தே பேசியவர். கைகள் இல்லாமல் பேச்சு மட்டும் வந்ததைக் கண்டு முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நான்கு மாதமாக அப்படித்தான்.

போன வாரம் அவள் கேட்டிருந்தாள். கூட வேலை செய்யும் பரத்தைக் கட்டிக்கொள்ளட்டுமா? அவனுக்கும் கேட்காது. குழந்தை அழுதால் யாருக்குத் தெரியும் என்று இவர் தயங்கினார். "அடுத்த ஞாயிறு நீங்க வரலேன்னா வேண்டாம்னு எடுத்துக்குவேன். திங்கட்கிழமை அவங்க வீட்ல சொல்லிடுவேன்" என்று தட்டினாள். ஏழு நாள் யோசித்து, சரி என்று சொல்ல வந்திருந்தார்.

அவளோடு பேசும் 'சாட்' திரையைத் திறந்தார். அதன் நடுவில் ஒரு சிறு பெட்டி வந்து நின்றது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு, ஏதோ ஒன்று வெளியே போகவேண்டுமாம், விடலாமா என்றது. அவர் இந்தக் கன்னட ஊரின் ஹெப்பால் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் கேட் வாட்ச்மேன். பாஸ் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விட்டதில்லை. 'நோ' என்பதை அழுத்தினார். பெட்டி போனது.

சாட் இணையவில்லை. மூன்று ஐந்து. மூன்று பத்து.

"அம்மிணி, இது போகமாட்டேங்குதுங்க."

பஞ்சவர்ணம் எழுந்து வந்தாள். "லைன் நல்லா இருக்கே அண்ணா. பாருங்க, பேப்பர் ஓப்பன் ஆகுது." கன்னடப் பத்திரிகை மெல்ல மெல்லத் திறந்தது. சாட் மட்டும் இல்லை. அணைத்துப் போட்டாள். மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. அப்போதும் இல்லை. மூன்று இருபது.

"பூஜை முடிஞ்சு புதுசா வைரஸ் காவல் போட்டிருக்கேன். அது சும்னே இருக்காது. ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. என்னமோ வெளிய போவோணும், விடலாமான்னு. பாஸ் இல்லாம எப்படி விடறது? நோ போட்டுட்டேன்."

"அய்யோ ராமா! உங்க ஃபேக்டரி கேட்டுன்னு நெனச்சீங்களா? உங்க மககிட்ட போற சாட்டுதான் அண்ணா அது. ஒரு தடவ நோ சொன்னா இது இனிமே கேக்காது. அணைச்சுப் போட்டாலும் மறக்காது."

மாணிக்கவாசகம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவர் சொல்லை இவ்வளவு தூரம் யாரும் கேட்டு நடந்ததில்லை. அதைத் திட்ட வாய் வரவில்லை.

பஞ்சவர்ணம் எங்கோ தேடி ஒரு பட்டியலைத் திறந்தாள். வரிசையாகப் பெயர்கள். வெளியே போகலாம் என்பவை, கூடாது என்பவை. அவரும் ஸ்ரீதேவியும் மட்டுமே இதற்குள் இருந்ததாக நினைத்திருந்தார்.

"இத்தன பேரா அம்மிணி இதுக்குள்ள இருந்து போறாங்க?"

"மணியப் பாருங்க அண்ணா. இருபத்தாறு." கூடாது என்றிருந்த சாட்டின் பெயர்மேல் அழுத்தினாள். "ம், போட்டுட்டேன். சீக்கிரம்."

திரை இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதி காலி. அவர் ஒற்றை விரலால் கீழே தேடித் தேடி அடித்தார். எஸ். ஏ. ஆர். ஐ.

மேலே ஒரு சிறு கோடு மட்டும் துடித்தது. பூத்தில் டெலிபோன் அடித்தது. பஞ்சவர்ணம் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள், எடுக்கப் போகவில்லை.

கோடு நகர்ந்தது. ஓர் எழுத்து விழுந்தது. நின்றது. அழிந்தது. மறுபடியும் அதே எழுத்து விழுந்தது.