பத்மாவதி வீட்டு அசேலியா

புத்தூரில் பூ என்றால் மீனாம்பிகை வீட்டுப் பூதான். கோயில் மாலைக்கும் கலியாணப் பந்தலுக்கும் அவளிடமே வருவார்கள். 1936 தைப்பொங்கலோடு அந்தப் பெயர் பறிபோனது.

நுவரெலியாவில் தபால் கந்தோரில் வேலை பார்த்த அவளுடைய கொழுந்தன் பஞ்சலிங்கம், பொங்கலுக்கு வரும்போது மனைவி பத்மாவதிக்கு ஒரு சாடியில் அசேலியாச் செடி கொண்டுவந்தான். இலையே தெரியாமல் றோஸ் நிறப் பூ. ஊர்ப் பெண்கள் அந்த வீட்டு வளவுக்குப் படையெடுத்தார்கள்.

"எங்கடை ஊரிலை இப்பிடி ஒண்டை ஆர் கண்டது!"

பக்கத்து வளவில் செவ்வந்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மீனாம்பிகையின் காதில் அது விழுந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி பிறந்ததும் பத்மாவதி, தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் பருத்தித்துறைக்குப் புறப்பட்டாள்.

"அக்கா, செடியை உங்களிட்டைத்தான் விட்டிட்டுப் போறன். எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு, உதுக்கு ஆகாதாம். தாழியிலை மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருக்கிறன். அதைத்தான் விடவேணும்."

"ஓம், நான் பாக்கிறன். நீ போட்டு வா."

முதலில் சொன்னபடியே செய்தாள். ஒரு நாள் மருதனார்மடத்திலிருந்து பூப் பார்க்க வந்த ஒருத்தி, செம்போடு நின்றவளிடம், "வீட்டுக்காரி எங்கை? நீ இஞ்சை வேலைக்கு நிக்கிறனியோ?" என்று கேட்டாள்.

மீனாம்பிகை செம்பைக் கீழே வைத்தாள். வந்தவள் போனதும் கிணற்றில் அள்ளி வந்து ஊற்றினாள். அடுத்த நாளும் ஊற்றினாள். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலைகள் மஞ்சளித்தன. மொட்டுகள் கருகி விழுந்தன. பார்க்க வருவோரும் குறைந்தார்கள். அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பங்குனியில் திரும்பிய பத்மாவதி, செடியைப் பார்த்தாள். பிறகு தாழியின் மூடியைத் தூக்கினாள்.

"மழைத்தண்ணி அரைவாசிக்கு மேலை கிடக்குது, அக்கா."

பொய் வாய்வரை வந்தது. "ஓம். கிணத்துத் தண்ணிதான் விட்டனான்," என்றாள் மீனாம்பிகை. "எல்லாரும் உன்ரை முத்தத்துக்கே வந்தால் நான் என்ன செய்ய?"

"ஒரு கிளை கேட்டிருந்தால் தந்திருப்பனே."

"கேக்க மனம் வரேல்லை."

பத்மாவதி சண்டை பிடிக்கவில்லை. சித்திரையில் செடி பட்டுப்போனது. அந்த மாதமே, இரண்டு வீட்டாரும் போய்வர வேலியில் இடைவெளியாக விட்டிருந்த பொட்டை ஆள் வைத்துத் தென்னோலைக் கிடுகால் அடைத்தாள்.

அடுத்த பொங்கலுக்குப் பஞ்சலிங்கம் வெள்ளை அசேலியா கொண்டுவந்திருக்கிறான் என்று கோயிலில் பெண்கள் கதைத்தார்கள்.

"நல்ல பெரிய பூவோ?" என்று கேட்டாள் மீனாம்பிகை.

"பக்கத்து வீடெல்லோ, நீங்கள் பாக்கேல்லையோ?"

அன்று பின்னேரம் அவள் செவ்வந்திக்குத் தண்ணீர் விடவில்லை. கிடுகில் கண்ணுக்கு அளவான ஓர் ஓட்டை இருக்கிறதா என்று வேலி நெடுகத் தேடிக்கொண்டிருந்தாள்.