மூன்று வெள்ளைத் துண்டுகள்

வாத்து தண்ணீரில் இறங்கவில்லை.

மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததே தண்ணீரால்தான். சின்ன வயதில் குளியல் வாளிக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு நாளில் அப்பா வைத்த பெயர், பதினைந்து வயதாகியும் போகவில்லை. பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறாள். கடற்கரை விடுதியில் அறை போட்டிருக்கிறேன் என்று அப்பா சொன்ன அன்றே நீச்சல் உடையை எடுத்துப் பெட்டியில் வைத்தவள், வந்து சேர்ந்த மறுநாள் காலை கருப்பு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். வாத்துக்கு ஜலதோஷமா என்றார். மீன் கடித்துவிடும் என்று பயமா என்றார். அவள் சிரிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

குடைக்கு அடியில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தாளே தவிர எதுவும் உள்ளே போகவில்லை. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். அவளை உட்காரவைத்து யாராவது அப்படிக் கேட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பாள். போன மழைக்காலத்திலிருந்து அப்படித்தான். சாப்பாடு வந்தால் சாப்பிட்டாள். கடையில் யாராவது வேடிக்கையாகப் பேசினால், மற்றவர்கள் சிரித்து ஓய்கிற நேரத்தில் சிரித்தாள். துக்கமா என்றால் துக்கமும் இல்லை. துக்கமாவது வந்து தொலைக்கக் கூடாதா என்று சில சமயம் தோன்றும். கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்பும் போய்விடும்.

இந்தப் பயணமே அவளுக்காகத்தான். ஊர் மாறினால் மனசு மாறும் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான், கெட்டுப்போனதைக் கழற்றிக் கடாசிவிடுவது. நாற்பது வயதுக்கு மேல் யாரும் எதிர்பாராமல் வயிற்றில் தங்கிய பிள்ளை ஐந்தாம் மாதத்தில் ரத்தமாகப் போய், பிள்ளையோடு கர்ப்பப்பையையும் எடுக்கும்படி ஆனபோது, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் வீட்டை ஒழித்துவைத்திருந்தார். வாங்கி வைத்திருந்த குட்டிச் சட்டைகள் போயின. கட்டிலடியில் விரித்திருந்த மிதியடி போனது. குளியலறை அலமாரியின் மேல்தட்டில் இருந்த நாப்கின் பாக்கெட்டுகளும் போயின. அவற்றைப் பார்த்தால் அவள் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அதே தட்டிலிருந்துதான் மகளும் எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அவர் புத்தியில் உறைக்கவில்லை. அம்மாவின் புத்தியிலும் உறைக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

வெயில் ஏறியதும் மூவரும் அறைக்குத் திரும்பினார்கள். வாத்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசியாக வந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. துப்புரவுப் பெண்மணி தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தார். அந்த விடுதியில் ஒரு வழக்கம், புதுத் துண்டு வைப்பதற்கு முன்னால் பழையதை எண்ணி எடுக்கவேண்டும். எண்ணியதில் கைத்துண்டு மூன்று குறைந்தது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். குளிக்கப் போன இடத்தில் மறந்திருக்கலாம், துணியோடு துணியாகப் பைக்குள் போயிருக்கலாம், கொஞ்சம் பார்த்துச் சொன்னால் நல்லது, இல்லாவிட்டால் மேலே தான்தான் பதில் சொல்லவேண்டும் என்றார்.

அப்பாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இத்தனை வருட வேலையில் யார் வீட்டிலிருந்தும் ஒரு திருகாணியைக்கூட எடுத்துவராதவர். ஈரக் கால்சட்டையோடு நின்றபடி பெட்டியைத் திறந்து கவிழ்த்தார். அம்மாவின் கைப்பையைத் திறந்து காட்டினார். நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். அந்தப் பெண்மணி வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று பின்வாங்கியும் அவர் விடவில்லை. வாத்தின் பைக்குக் கை நீட்டினார்.

"குடும்மா. தெறந்து காட்டிட்டா முடிஞ்சுது."

வாத்து கொடுக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாய் திறக்காமல் நின்றாள். அப்பாவின் கை பையின் ஜிப்பில் இருந்தது. அப்போது வாத்து அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காப்பாற்று என்று கேட்கிற பார்வை இல்லை அது. அம்மா பார்த்துவிட்டாளா, அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று பயந்த பார்வை. கருப்பு ஜீன்ஸ், தண்ணீரில் இறங்காத வாத்து, காலையில் குளியலறைக்குள் நெடுநேரம் ஓடிய குழாய் எல்லாம் அந்தப் பார்வைக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா. "எனக்கு பீரியட்ஸ். கையில ஒண்ணும் இல்ல. அதான்."

துப்புரவுப் பெண்மணியின் முகம் உடனே இளகிவிட்டது. இதைச் சொல்ல என்ன மேடம் என்றார். துண்டைப் பற்றிக் கவலை வேண்டாம், கறை பட்டுக் கழித்ததாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். புதுத் துண்டுகளை மேசையில் வைத்து, பின்பக்க வாசலைத் தாண்டினால் கடை இருக்கிறது என்று வழியும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்பா இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவர் அவர். இனி ஒருநாளும் அவளுக்கு அது வராது என்பது அவளை விட அவருக்கு நன்றாகத் தெரியும். மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஜிப்பைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏன் அப்படி சொன்ன?" என்றாள் வாத்து. கோபமாகத்தான் கேட்டாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு மாதம் பள்ளி முதலுதவி அறையில் நாப்கின் கேட்டு வாங்கினாளாம். ஒரு மாதம் அணித் தோழி கொடுத்தாளாம். கழித்ததைக் காகிதத்தில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்து, பள்ளிக்குப் போகிற வழியில் போடுவாளாம். தன் துணிகளைத் தானே துவைத்துக்கொண்டாள். மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா கடையில்கூடச் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கையில் ஒன்றுதான் இருந்திருக்கிறது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"ரத்தத்தப் பாத்தா உனக்கு..." வாத்து நிறுத்தினாள். பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு நான்தானம்மா தொடச்சேன்."

அம்மாவுக்கு இது தெரியாது. அன்று வீட்டில் மகள் மட்டும்தான் இருந்தாள் என்பது தெரியும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள் என்பதும் தெரியும். அதன் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கட்டிலையும் தரையையும் யார் துடைத்திருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பெற்ற பிள்ளை இப்படிச் சொல்லும்போதும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கும்" என்றாள் வாத்து. "நிக்காமப் போயிடுமோன்னு. உனக்குப் போன மாதிரி."

"பையக் குடு."

மூன்று துண்டுகளும் பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டிக் கிடந்தன. ஒன்றை நன்றாகத் துவைத்துப் பிழிந்திருந்தாள். மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. அம்மா அவற்றைக் குளியலறைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடிப் பிறகு வெளிறியது. இதைப் பார்த்தால் தலை சுற்றும், விழுந்துவிடுவேன் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வீடே அப்படித்தான் நினைத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. கை தன்பாட்டுக்குக் கசக்கியது. புதுத் துண்டில் ஒன்றை எப்படி மடித்தால் நழுவாது என்று கையாலேயே மடித்துக் காட்டினாள். பின்னால் நின்று வாத்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நிக்கும்" என்றாள் அம்மா, தண்ணீரைப் பார்த்தபடியே. "நாலு நாள், அஞ்சு நாள். தானா நின்னுடும். எனக்கு ஆனது வேற. உனக்கு அது இல்ல."

"நெசமாவா?"

"நெசமா. கறைக்கு வெந்நீர் மட்டும் விடாத. பச்சத்தண்ணிதான்."

"தெரியும். அன்னிக்கு வெந்நீர் ஊத்திட்டேன். மிதியடில போகவே இல்ல. அப்பா தூக்கிப் போட்டுட்டாரு." குரல் அந்த இடத்தில் உடைந்தது. இத்தனை மாதமும் அந்த மிதியடி போனது தன்னால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மா குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு மகளின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கதவு ஒரே ஒரு தரம் தட்டப்பட்டது. திறந்தபோது ஆள் இல்லை. கைப்பிடியில் ஒரு பெரிய பை தொங்கியது. எந்த அளவு என்று தெரியாத போல்ட்டுக்கு அப்பா என்ன செய்வாரோ அதையே செய்திருந்தார், கடையில் இருந்த அத்தனை வகையிலும் ஒவ்வொன்று வாங்கியிருந்தார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களுக்குக் கட்டிவிடுகிற டயாபர் பாக்கெட்டும் அதில் இருந்தது. அதைப் பார்த்து வாத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். ஜன்னல் வழியே பார்த்தால் அவர் வண்டி நிறுத்துகிற இடத்தில், தாங்கள் வந்த காரைச் சுற்றி வந்து, பழுதே இல்லாத சக்கரங்களைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்து உடை மாற்றிக்கொண்டு வந்தாள். வயிறு இழுக்கிறது என்றாள். கட்டிலில் ஏறி, அம்மாவின் மடியில் தலைவைத்துச் சுருண்டு படுத்தாள். வலி வந்தபோது முகத்தை அம்மாவின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடத்தை யாரும் தொட்டதில்லை. அப்பாவையும் அவள் தொடவிட்டதில்லை. வாத்துக்குத் திடீரென்று அது ஞாபகம் வந்து தலையைத் தூக்கினாள்.

"வலிக்குதா?"

"இல்ல. தையல் போட்ட இடத்துல தோலு மரத்துப் போச்சு. தொட்டா தெரியாது."

"எப்பவுமே தெரியாதா?"

"தெரியல. போகப் போக வரலாம்னாங்க. வராமலும் போகலாமாம்."

வாத்து மறுபடி மடியில் தலையைச் சாய்த்தாள். பிறகு சேலைக்கு மேலாகவே, தையல் இருக்கிற இடத்தில் ஒரு விரலை வைத்தாள்.

"இங்க?"

"இல்ல."

விரல் கொஞ்சம் மேலே நகர்ந்தது.

"இங்க?"

"இல்ல."

அவசரப்படாமல், விரல் இன்னும் கொஞ்சம் மேலே வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.